இருபத்தாறிலிருந்து ஐம்பது வரை

நிற்பதற்கா இவ்வளவு செலவு
என்றான் வில்கோ.
ஓடுவதற்குத்தான் ஏற்கெனவே செலவழித்தாயிற்றே என்றேன்.

பதினான்கு வருஷத்து எஃகுச் சைக்கிள்.
பின்னால் இரண்டு பை, முன்னால் இரண்டு,
கூடாரம், அடுப்பு,
அவன் விட்டுவர மறுக்கும் செம்புக் காப்பிச் சட்டி.
என்னையும் சேர்த்து நூற்றுப் பதினொரு கிலோ
ஒவ்வொரு மலையிலிருந்தும்
இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு இறங்கியது.

கம்பியின் மேல் அவனுக்குப் பக்தி.
அறுந்தால் எந்தப் பட்டிக்காட்டிலும் கிடைக்கும்,
எண்ணெய்க் குழாய் ஒழுகினால்
அல்பேனியாவில் எவன் தருவான்?
எங்கேயும் கிடைக்காத உதிரிபாகம் ஒன்று இருக்கிறது,
என் இடது மணிக்கட்டு.
போன வருஷத்துக்கு முந்தைய ஜனவரியில்
தோல்மின் தபால் நிலைய வாசலில்
பனி வழுக்கியதற்கு
ஒரு தகடு, ஆறு திருகாணி.
எங்கள் ஊர்ச் சைக்கிள்களில்
முன்சக்கரத்துக்கு இடது கைதான் பொறுப்பு.
விர்ஷிச் கணவாயில் பாதி இறங்குவதற்குள்
விரல்கள் என்னுடையவையாக இருக்காது.
யாரோ கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போன கொக்கிகள்.

ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை நின்று
கையை உதறுவேன்.
அடிவாரத்தில் அவன் பாதி ரொட்டியைத் தின்றிருப்பான்.
படம் எடுத்தேன் என்பேன்.
படத்தை அவன் கேட்டதேயில்லை.

மார்ச் மாதம், மூன்று நாள் மழை.
கடைக்காரன் யெர்னெய் தானே மாட்டித் தருவதாகச் சொன்னான்,
அறுபது யூரோ.
வேண்டாம் என்றேன், வீம்புக்கு.
சமையல் மேசையில் செய்தித்தாள் விரித்து
முதல் குழாயைக் கோணலாக வெட்டினேன்.
திருத்தி வெட்டியதில் குட்டையாகிவிட்டது.
இப்போது கைப்பிடியை வலப்பக்கம்
முழுக்கத் திருப்ப முடியாது.
இரண்டாவதை
மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினேன்.

சிரிஞ்சில் ரோஜா நிற எண்ணெய்.
கீழிருந்து மெல்ல ஏற்றி
குழாயைத் திருப்புளியின் பிடியால் தட்டத் தட்ட
லிவரின் மேலுள்ள கிண்ணத்தில்
குமிழிகள் ஒவ்வொன்றாக வந்து உடைந்தன.
எண்ணெய் அழுத்தினால் அழுந்தாது.
காற்று விட்டுக்கொடுக்கும்.
விட்டுக்கொடுப்பவர்களால்
கெடுகிற இடம் இது ஒன்றுதான்.
கடைசிக் குமிழி என்று நினைத்ததற்குப் பிறகு
இன்னும் நான்கு வந்தன.

ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு
பிரேக் பேடின் மேல் விழுந்தது.
துடைத்தால் போகாது, ஊறிவிடும்.
இருபத்தொரு யூரோவைக் குப்பையில் போட்டுவிட்டுப்
படுத்துக்கொண்டேன்.

மரம் அறுக்கும் ஆலைக்குப் பின்னால்
ஆளில்லாத சாலையில்
வேகமாகப் போய் நிற்பது, போய் நிற்பது,
இருபது தடவை.
புது பேடும் வட்டும் பழகுவதற்கு.
முதல் நிறுத்தத்திலேயே பின்சக்கரம் லேசாக எழும்பியது.
ஓர் அதட்டல் மாதிரி இருந்தது.
அதன் பிறகு
ஒற்றை விரலுக்கு மேல் வைக்கவில்லை.

மே மாதம் கணவாய் திறந்தார்கள்.
உச்சியில் ஓரமெல்லாம் அழுக்குப் பனி.
அங்கே வளைவுகளுக்கு எண் உண்டு.
த்ரெந்தா பக்கம்
இருபத்தாறில் தொடங்கி ஐம்பதில் முடியும்.
முப்பதில் அவனைத் தாண்டினேன்.
முப்பத்தெட்டில்
காப்பிச் சட்டி அடுப்பில் இடிக்கும் சத்தம் கேட்டது.
எப்போதும் இடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும்.
என் பழைய பிரேக்கின் ஓலத்தில்
எனக்குக் கேட்டதில்லை.

ஐம்பதில் இறங்கி
சைக்கிளைத் தடுப்புச் சுவரில் சாய்த்தேன்.
ரொட்டி என் பையில்தான் இருந்தது.
காத்திருந்து பழக்கமில்லை எனக்கு.
வட்டின் அருகே உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தேன், அனல்.
பிரித்த ரொட்டியை மறுபடி சுற்றினேன்.

அப்புறம் அவன் வந்தான்.
பதினோரு வருஷமாய்
மலையிறங்கும் அவன் முதுகைத்தான் பார்த்திருக்கிறேன்.
முகம் இப்படி இருக்கும் என்று தெரியாது:
கடித்த பல், இமைக்காத கண்,
காதுவரை ஏறிய தோள்கள்.
இரும்பு அலறிக்கொண்டே வந்து
என் பக்கத்தில் நின்றது.

நேரமாயிற்றா என்றேன்.
படம் எடுத்தேன் என்றான்.

ரொட்டியில் அவன் பங்கை நீட்டினேன்.
வாங்கிக்கொள்ள
அவன் கைகள் இன்னும்
பிடியை விட்டிருக்கவில்லை.